கண்ணாடி விரிசல் விட்ட லாரியை எடுக்கலாமா? ஆலங்குளம் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வி கிடைத்தது. நான் இங்கிலாந்திலிருந்து லீவுக்கு வந்து இப்போது முக்கூடலில்தான் இருக்கிறேன்.

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள். ஆலங்குளம் சொந்த ஊர். தாழையூத்து சிமெண்ட் லோடும் தூத்துக்குடி துறைமுக லோடும் ஓட்டியவர். மனைவிக்கு இங்கிலாந்தில் நர்ஸ் வேலை, அவரோடு நீங்களும் போனீர்கள். போன வருடம் அங்கே கார் லைசென்ஸ், இந்த வருடம் லாரி லைசென்ஸ். இப்போது ஏஜென்சி மூலம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு யார்டு. அதில் ஒரு யார்டில் கொடுத்த வண்டியில் இடப்பக்க மிரர் விரிசல் விட்டிருந்தது, பின்னால் ஒரு லைட்டின் கவர் உடைந்திருந்தது. வாயால் சொன்னீர்கள். “ஒரு டிரிப்தானே, சாயங்காலம் மாத்திக்கலாம், கிளம்பு” என்றார்கள். எடுத்துப் போய்ப் பத்திரமாகத் திரும்பியும் வந்துவிட்டீர்கள். பிடித்திருந்தால் கேஸ் யார் மேல், லைசென்ஸ் போகுமா, விசாவுக்கு ஆகாதா, சம்பளத்தில் பிடிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். திங்கட்கிழமை மறுபடியும் அதே யார்டாம்.

முதலில் பதில். அந்த நிலையில் அந்த வண்டியை இனி எடுக்காதீர்கள். பிடித்தால் கேஸ் உங்கள் மேலும் வரும், கம்பெனி மேலும் வரும். கம்பெனி சொல்லித்தான் எடுத்தேன் என்பது உங்களைக் காப்பாற்றாது. ரோட்டில் ஓடுகிற நேரத்தில் வண்டியின் நிலைக்கு ஓட்டுகிறவர் பொறுப்பு என்பதுதான் அங்கே சட்டம். சொந்த வண்டியா, ஏஜென்சி வேலையா, இன்றைக்குத்தான் முதல் நாளா என்பதையெல்லாம் பார்க்க மாட்டார்கள்.

உங்களுக்கு இது மற்றவர்களைவிட இரண்டு மடங்கு முக்கியம். காரணம் உங்கள் லைசென்ஸின் வயது. முதல் டெஸ்ட் பாஸ் செய்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் லைசென்ஸில் 6 பாயிண்ட், அதாவது 6 குற்றப் புள்ளி, சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து. 1995-இல் வந்த புது ஓட்டுநர் சட்டம் அது. கார் லைசென்ஸ் மட்டுமல்ல, அதன் பிறகு வாங்கிய லாரி உரிமையும் சேர்ந்து போகும். மறுபடி எல்.போர்டிலிருந்து தொடங்கி, தியரி எழுதி, டெஸ்டும் திரும்பக் கொடுக்க வேண்டும். பழைய ஆட்களுக்கு மூன்று வருடத்துக்குள் 12 பாயிண்ட் சேர்ந்தால்தான் ஓட்டத் தடை வரும். உங்களுக்கு அதில் பாதிதான். ஒரு மொட்டை டயருக்கு 3 பாயிண்ட், இரண்டு டயர் என்றால் 6. இன்னொருவருடைய வண்டியின் இரண்டு டயருக்காக நீங்கள் காசு கட்டிப் படித்து வாங்கிய லைசென்ஸ் போய்விடும். தீர்ப்பு எப்போது வந்தாலும் சரி, குற்றம் நடந்த தேதி அந்த இரண்டு வருடத்துக்குள் இருந்தால் கணக்கில் சேரும்.

சரி, மிரருக்கும் லைட்டுக்கும் என்ன ஆகும்? லைட் குறைபாடு பெரும்பாலும் அபராதத்தோடு நிற்கும், பாயிண்ட் வராது. ஆனால் அதிகாரி வண்டியின் மொத்த நிலையைப் பார்த்து, ஆட்களுக்கு ஆபத்து வரும் நிலையில் ஓட்டினீர்கள் என்று எழுதினால் 3 பாயிண்ட் வரும். கோர்ட்டுக்குப் போனால் சரக்கு வண்டிக்கு அபராதத்துக்கு மேல்வரம்பே கிடையாது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குறை இருப்பது எனக்குத் தெரியாது, சந்தேகப்படவும் காரணமில்லை என்று ஓட்டுநர் நிரூபித்தால் பாயிண்ட் போடாமல் விடச் சட்டத்தில் இடம் உண்டு. நீங்களோ பார்த்தீர்கள், சொன்னீர்கள், அதன் பிறகு எடுத்தீர்கள். அந்தக் கதவை நீங்களே சாத்திவிட்டீர்கள்.

அங்கே ரோட்டில் நிறுத்திச் சோதிப்பது போலீஸ் மட்டுமல்ல, வண்டிகளின் நிலையைச் சோதிக்கும் அரசு அமைப்பான டி.வி.எஸ்.ஏ. ஆட்களும்தான். நம்மூர் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்கும் வேலை. குறை இருந்தால் பி.ஜி.9 என்ற தடைத் தாள் கொடுப்பார்கள். அதில் இரண்டு வகை. ஒன்று, வண்டி அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது, மெக்கானிக் வந்து சரிசெய்து, தடையை நீக்கிய பிறகுதான் புறப்படலாம். இன்னொன்று, 10 நாளுக்குள் சரிசெய்ய அவகாசம் கொடுப்பது. பராமரிப்பே மோசம் என்று தெரிந்தால் தாளில் எஸ் என்று குறிப்பார்கள். கம்பெனியின் லைசென்ஸை ஆட்டிப் பார்க்கிற எழுத்து அது. தடை இருக்கும்போது வண்டியை எடுப்பது தனிக் குற்றம், அதைக் கனவிலும் நினைக்காதீர்கள். கம்பெனிகளுக்கு மேலே, அவர்களுக்கு லாரி ஓட்ட லைசென்ஸ் கொடுக்கிற டிராஃபிக் கமிஷனர் இருக்கிறார். அவர் ஓட்டுநரையும் விசாரணைக்குக் கூப்பிடலாம், லாரி ஓட்டும் உரிமையை நிறுத்தி வைக்கலாம், பறிக்கலாம். அந்த மேஜை முன்னால் போய் உட்காரும் நிலை உங்களுக்கு வர வேண்டாம்.

இதையெல்லாம் நேற்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தேன். என் மனைவியின் தம்பி இரண்டு டிப்பர் வைத்து, புளியரை வழியாகக் கேரளாவுக்கு ஜல்லி ஓட்டுகிறார். “அத்தான், இதுக்குப் போயா அங்க வண்டிய நிப்பாட்டுதாவ? இங்க இப்படிப் பார்த்தா ஒரு வண்டி ரோட்டுல ஓடாது” என்றார். அவர் சொல்வது நடைமுறை. மிரரைக் கம்பி வைத்துக் கட்டுவதும், எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குப் போகும்போது மட்டும் பெயிண்ட் அடித்து லைட் மாற்றுவதும் நான் பார்த்து வளர்ந்ததுதான். ஆனால் சட்டம் இங்கேயும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 190-ஆவது பிரிவு, ஆபத்தான குறையோடு வண்டி ஓட்டினால் 1,500 ரூபாய் வரை அபராதம் என்கிறது. அந்தக் குறையால் விபத்து நடந்து ஆளுக்கோ சொத்துக்கோ சேதம் வந்தால் 3 மாதம் வரை ஜெயிலும் உண்டு. இங்கே எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி., அப்புறம் வருடா வருடம். அங்கே முதல் வருடத்திலிருந்தே வருடா வருடம் டெஸ்ட், நடுவில் பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை பட்டறைச் சோதனை, அதற்கும் மேலே தினமும் காலையில் ஓட்டுநர் சோதனை. இந்தக் கடைசிச் சோதனை நம் கையில் இருக்கிறது, அதனால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

வண்டியில் ஏறி, ஓட்டும் நேரத்தைப் பதியும் டாக்கோ கருவியில் உங்கள் கார்டைப் போட்டதும், இரண்டு சுத்தியல் குறுக்கே போட்ட குறிக்கு மாற்றிவிட்டு இறங்குங்கள். அது வேறு வேலை என்பதற்கான குறி. கார்டு போட்டு ஒரு நிமிடத்தில் வண்டி நகர்ந்திருந்தால், நீங்கள் வண்டியைச் சுற்றியே வரவில்லை என்று அதிகாரி டாக்கோவைப் பார்த்தே சொல்லிவிடுவார். கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள். அந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு, அதுவும் வேலைதான். அங்கே கிளீனர் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். பிரேக் லைட் எரிகிறதா என்று பார்க்கப் பக்கத்து வண்டிக்காரரைக் கூப்பிடலாம். சுவரையோ கண்ணாடிக் கதவையோ ஒட்டிப் பின்பக்கத்தை நிறுத்திப் பிரதிபலிப்பிலும் பார்க்கலாம். சில புது வண்டிகளில் லைட்டுகளைத் தானாக மாற்றி மாற்றி எரியவிடும் வசதி இருக்கிறது, யார்டில் கேளுங்கள். டயரில் பட்டையின் முக்கால்வாசி அகலத்துக்குக் குறைந்தது 1 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். காருக்கு 1.6. லாரிக்குக் குறைவு என்பதால் அந்த விளிம்பு வரை ஓட்டலாம் என்று சில யார்டுகள் நினைக்கும். விளிம்பில் இருக்கிற டயரை நான் எடுக்க மாட்டேன்.

இப்போது அந்த மிரர். அங்கேயும் நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டம், ஸ்டீயரிங் வலப்பக்கம். ஆகவே உங்களுக்குக் கண் எட்டாத பக்கம் இடப்பக்கம். சிக்னலில் நீங்கள் இடது திரும்ப நிற்கும்போது சைக்கிள்காரர் ஒருவர் பின்னாலிருந்து ஓரமாக ஊர்ந்து வருவார். முதலில் பெரிய மிரரில் தெரிவார், அப்புறம் அதன் கீழே உள்ள அகலக் கண்ணாடிக்கு மாறுவார், கடைசியில் கதவுக்கு மேலே தரையைப் பார்க்கிற கண்ணாடிக்கு வருவார். மூன்றும் சேர்ந்தால்தான் அவர் முழுதாக உங்கள் கண்ணில் இருக்கிறார். பெரிய மிரரில் குறுக்கே விரிசல் ஓடினால் அவர் அந்தக் கோட்டில் இரண்டாக உடைந்து, ஒரு நொடி காணாமல் போவார். பச்சை விழுவது அந்த நொடியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். லண்டனுக்குள் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரி வர, ஓட்டுநர் இருக்கையிலிருந்து நேராக எவ்வளவு தெரிகிறது என்பதை அளந்து பெர்மிட் கொடுக்கிறார்கள். சைக்கிள்காரர்களும் நடப்பவர்களும் செத்துத்தான் அந்த விதி வந்தது. அதனால்தான் மிரர் விரிசலை நான் சின்னச் சேதத்தில் சேர்ப்பதில்லை. லைட் கவரும் அப்படித்தான். சிவப்பு உடைந்து பின்னால் வெள்ளை தெரிந்தால், இருட்டில் பின்னால் வருகிறவர் வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்றே குழம்பிவிடுவார்.

கதவில் கீறல், பம்பரில் கூர்மை இல்லாத பள்ளம், உரிந்த பெயிண்ட் இவையெல்லாம் சட்டப்படி குற்றமில்லை. தகடு கிழிந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் குற்றம். ஆனால் குற்றமில்லாத கீறலையும் எழுதுங்கள், போட்டோ எடுங்கள். நாளைக்கு அதை உங்கள் தலையில் கட்டாமல் இருக்க அதுதான் வழி.

குறையை எப்போதும் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். வண்டியில் டிஃபெக்ட் புத்தகம் இருக்கும், அல்லது போனில் ஆப் இருக்கும். நியர்சைடு (இடப்பக்க) மிரர் கண்ணாடி விரிசல், பின் லைட் கவர் உடைந்தது என்று எழுதி, நேரம் போட்டு, யாரிடம் கொடுத்தீர்கள் என்ற பெயரும் போடுங்கள். அந்தத் தாளையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி அந்தத் தாளையும் பழுது பார்த்த குறிப்பையும் 15 மாதம் வைத்திருக்க வேண்டும். “பரவாயில்லை, கிளம்பு” என்று ஒருவர் சொன்னால், தாளின் கீழே சரிசெய்தாயிற்று என்று கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டி, மரியாதையாகக் கையெழுத்துக் கேளுங்கள். நான் பார்த்தவரை அந்த இடத்தில் பேச்சு மாறிவிடும், வேறு வண்டியின் சாவி வரும். நல்ல கம்பெனிகள் உங்கள் மேல் கோபப்படாது. ரோட்டில் ஒரு தடைத் தாள் விழுந்தால் டி.வி.எஸ்.ஏ. கணக்கில் அவர்கள் மதிப்பெண் கெடும், அப்புறம் அவர்கள் வண்டிகளைத்தான் அடிக்கடி நிறுத்துவார்கள்.

கையெழுத்தும் போடாமல் வேறு வண்டியும் கொடுக்காமல் விரட்டினால்? ஏஜென்சிக்குப் போன் செய்து காரணம் சொல்லுங்கள், பிறகு அதையே மெசேஜாகவும் அனுப்புங்கள். கண்ணெதிரே ஆபத்து இருக்கிறது என்று வேலையை மறுத்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு 2021 மே மாதத்திலிருந்து ஏஜென்சித் தொழிலாளர்களுக்கும் உண்டு. ஏகாஸ் என்ற அமைப்பு போனில் இலவசமாக ஆலோசனை சொல்லும். அடுத்த வாரம் வேலை குறையலாம், அதை மறைக்கவில்லை. ஒரு வாரச் சம்பளம் குறைவதைத் தாங்கலாம், லைசென்ஸ் போனால் தாங்க முடியாது.

சம்பளத்தில் பிடிப்பது பற்றி: ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும், அல்லது நீங்கள் முன்கூட்டியே எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும். இல்லாமல் பிடிக்க முடியாது. ஏஜென்சியில் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாள்களை எடுத்து, சேதத்துக்கு எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்களா என்று இன்றைக்கே பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. குறுகலான தெருவில் நிறுத்தியிருக்கிற காரின் மிரரை உரசிவிட்டால் நிறுத்த வேண்டும். கார்க்காரர் இருந்தால் பெயர், முகவரி, வண்டி விவரம் கொடுங்கள். இல்லையென்றால் முடிந்த சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்ல வேண்டும். நிற்காமல் போனால் 5 முதல் 10 பாயிண்ட், கடுமையானால் ஜெயிலும் உண்டு. உரசலுக்கு அல்ல, ஓடியதற்கு. உங்களுக்கு 6 பாயிண்ட் என்றாலே என்ன அர்த்தம் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

விசா. ரோட்டில் கொடுக்கிற நிலையான அபராதத்தைக் கெடுவுக்குள் கட்டிவிட்டால் அது கோர்ட் தண்டனை ஆகாது. கட்டாமல் விட்டால் கோர்ட்டுக்குப் போகும், அங்கே தண்டனை விழுந்தால் பின்னாளில் விசா விண்ணப்பத்தில் சொல்லியாக வேண்டும். படிவம் என்ன கேட்கிறதோ அதற்கு உண்மையை எழுதுங்கள். மறைப்பதுதான் அதிகக் கெடுதல். அதிகாரியிடம் பணம் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். 2010-ஆம் ஆண்டு லஞ்சச் சட்டத்தில் அது ஜெயில் விஷயம், உங்கள் மனைவியின் வேலையையும் விசாவையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை அந்த யார்டுக்குக் கொஞ்சம் முன்னதாகவே போங்கள். அதே வண்டி கிடைத்தால், சுற்றிப் பார்ப்பதற்கு முன்னால் டிஃபெக்ட் புத்தகத்தின் பழைய பக்கங்களைப் புரட்டுங்கள். அந்த மிரரை வேறு ஓட்டுநர் யாராவது எழுதியிருக்கிறாரா, கீழே சரிசெய்ததாகக் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். புது மிரர் மாட்டியிருந்தால் தாராளமாக வேலை பாருங்கள். விரிசல் அப்படியே இருந்து, பக்கங்களெல்லாம் குறை எதுவும் இல்லை என்றே நிரம்பியிருந்தால், அது மாறுகிற யார்டு இல்லை. உங்கள் குறையை எழுதிக் கொடுத்துவிட்டு, செவ்வாய்க்கிழமைக்கு வேறு யார்டு வேண்டும் என்று ஏஜென்சியிடம் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.