கிதாருக்குப் பெர்த், கிதாருக்குத் தீ

அன்புள்ள சார்,

பெங்களூரில் ஒரு கிதார் நிகழ்ச்சியில் வாசிக்கப் போன கதையைப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். ராத்திரி மெயிலில் கிதாரை மேல் பெர்த்தில் படுக்கவைத்துவிட்டு, ஜோலார்பேட்டை தாண்டியும் நீங்கள் காலை மடக்கி உட்கார்ந்தே வந்ததைப் படித்து வீட்டில் எல்லோரும் சிரித்தோம். என் அம்மா வீணை சொல்லிக்கொடுக்கிறவர். அவரும் உங்கள் கட்சிதான். கும்பகோணத்திலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் போனால் இரண்டு டிக்கெட் எடுப்பார். ஜன்னலோர சீட் வீணைக்கு.

கட்டுரையின் கடைசியில், ஒரு கிதார்க்காரர் வாசிக்கக் கிளம்பிப் போன பயணங்களிலேயே உங்களுக்கு ரொம்பப் பிடித்தது அமெரிக்காவின் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1967இல் கலிஃபோர்னியாவின் மான்டரே இசை விழாவுக்குப் போனதுதான் என்று ஒரு வரி இருந்தது. அது என்ன என்று தேடி, அந்த விழாவைப் பற்றிய பழைய படத்தை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது. அந்த மனுஷர் கிதாரைத் தரையில் கிடத்தி, அதன்மேல் மண்டியிட்டு, எதையோ ஊற்றிக் கொளுத்துகிறார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். நல்லவேளை, கடைசியில் சிதார் ரவிசங்கர் வந்து வாசித்தார், நடந்த பாவத்துக்குப் பரிகாரம் மாதிரி.

கிதாருக்குப் பெர்த் கொடுத்துவிட்டுத் தூங்காமல் வந்த நீங்கள், கிதாரைக் கொளுத்தியவரை எப்படிக் கொண்டாடுகிறீர்கள்? இது முதல் கேள்வி. இரண்டாவது, என் மகனுக்குப் பதினோரு வயது, கிதார் வேண்டும் என்கிறான். இந்தப் படத்துக்கு அப்புறம் அம்மா கூடவே கூடாது என்கிறார். என்ன செய்ய?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அம்மாவிடம் என் மன்னிப்பைச் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரியை எழுதும்போது, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வீணை டீச்சர் அந்தப் படத்தைப் பார்க்க உட்காருவார் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

பரிகார விஷயத்தை முதலில் சரிசெய்துவிடலாம். அது படத்தொகுப்பு செய்த வேலை. 1967 ஜூன் 18 ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முழுவதும் ரவிசங்கர் வாசித்தார், தபலாவில் அல்லா ரக்கா. ஹென்ட்ரிக்ஸ் மேடை ஏறியது அதே நாள் இரவு. படத்தை எடுத்த பென்னிபேக்கர் வரிசையை மாற்றி, ரவிசங்கரைக் கொண்டுபோய் முடிவில் வைத்துவிட்டார். தீ எரியும்போது சுத்தப்படுத்த இனி யாரும் வரப்போவதில்லை என்பதுதான் நடந்தது. அன்றைய கூத்தைக் கண்டு ரவிசங்கர் மனம் நொந்துபோனதும் உண்மை. அதைப் பிற்காலத்தில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஆக, உங்கள் அம்மா தனி ஆள் இல்லை. (கொசுறு: அந்த விழாவில் மற்ற எல்லோரும் விமான டிக்கெட்டுக்கும் தங்கும் இடத்துக்கும் சரி என்று வந்து சும்மா வாசித்தார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு வாசித்தவர் ரவிசங்கர், 3,000 டாலர்.)

அப்புறம் இன்னொன்று. ஹென்ட்ரிக்ஸ் அன்று வாசித்தது ஒன்பது பாட்டு. 1968இல் வந்த அந்தப் படத்தில் இருப்பது ஒன்பதாவது மட்டும். கச்சேரி முழுவதையும் விட்டுவிட்டு மங்களத்தை மட்டும் பார்த்த மாதிரி. அதுவும் பந்தலுக்குத் தீ பிடித்த மங்களம்.

எனக்குப் பிடித்தது அந்தப் பயணம். அதைச் சொல்கிறேன்.

1966 கோடையில் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில், கஃபே வா என்ற இடத்தில், ஜிம்மி ஜேம்ஸ் என்ற பெயரில் ஒரு பையன் வாசித்துக்கொண்டிருந்தான், நம் ஹென்ட்ரிக்ஸ்தான். அதற்கு முன்னால் லிட்டில் ரிச்சர்ட், ஐஸ்லி பிரதர்ஸ் போன்ற பெரிய பாடகர்களுக்குப் பின்னால் நின்று வாசித்தவன். பின்னால் நிற்கிற கிதார்க்காரன் முன்னால் நிற்கிறவரைவிட அதிகம் ஆடினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பக்கவாத்தியக்காரர் தனி ஆவர்த்தனத்தை நீட்டினால் பாடகர் முகம் போகிற போக்கை எத்தனை சபாவில் பார்த்திருப்போம்! அப்போது அனிமல்ஸ் என்ற இங்கிலாந்துக் குழுவின் பேஸ் கிதார்க்காரர் சாஸ் சாண்ட்லர் இவனைக் கேட்டுவிட்டு, லண்டனுக்கு வா என்று கூப்பிட்டார். செப்டம்பர் 24ஆம் தேதி லண்டனில் இறங்கினான். அங்கே போனதும் நோயல் ரெடிங், மிட்ச் மிட்செல் என்று இரண்டு வெள்ளைக்காரப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு குழு. அடுத்த சில மாதங்களில் பிரிட்டனில் மூன்று பாட்டுகள் முதல் பத்துக்குள் வந்தன. அமெரிக்காவிலோ அதில் ஒன்றை வெளியிட்டும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளூர் மாடு விலைபோகாது என்பார்களே, அந்த மாடு லண்டன் சந்தையைப் பார்த்துவிட்டு வெளியூர் மாடாகத் திரும்பிய கதை இது. மான்டரே விழாவுக்கு இவரைக் கட்டாயம் கூப்பிடுங்கள் என்று பரிந்துரைத்தவர் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி. அந்த ஜூன் 4ஆம் தேதி லண்டன் சாவில் தியேட்டரில், பீட்டில்ஸ் இசைத்தட்டு வெளிவந்து மூன்றே நாளில், அதன் முதல் பாட்டையே எடுத்து ஹென்ட்ரிக்ஸ் கச்சேரியைத் தொடங்கினார், மெக்கார்ட்னியும் ஜார்ஜ் ஹாரிசனும் எதிரே உட்கார்ந்திருக்கும்போது! எவ்வளவு திமிர் வேண்டும். அடுத்த இரண்டாவது வாரம் கலிஃபோர்னியாவில் இறங்குகிறார். மூவருமாகச் சேர்ந்து அமெரிக்க மண்ணில் வாசிக்கும் முதல் கச்சேரியே மான்டரேதான். சொந்த நாட்டில், இருபத்துநாலு வயதில், பேர் தெரியாத கூட்டத்துக்கு முன்னால், ஒரே ஒரு ராத்திரி.

மான்டரேயில் யார் முதலில் வாசிப்பது என்று 'த ஹூ' என்ற ராக் குழுவின் பீட் டவுன்ஷெண்டுக்கும் ஹென்ட்ரிக்ஸுக்கும் தகராறு. டவுன்ஷெண்ட் கச்சேரி முடிவில் கிதாரை அடித்து நொறுக்குகிறவர். நொறுக்கிய பிறகு போகிறவருக்கு என்ன மிச்சம் இருக்கும்? இவர் தீ வைத்த பிறகு அவர் போனால் அதைவிட மோசம். கடைசியில் விழாவை நடத்தியவர்களில் ஒருவரான ஜான் ஃபிலிப்ஸ் பூவா தலையா போட்டார். டவுன்ஷெண்ட் ஜெயித்து முதலில் போய் நொறுக்கிவிட்டு வந்தார். ஆக, அந்தத் தீயில் பாதி, நாணயம் விழுந்த விதத்தால் மூட்டிய தீ. தவிர அது புதுசும் இல்லை. மார்ச் 31ஆம் தேதியே லண்டன் அஸ்டோரியாவில் ஒருமுறை கொளுத்திக் கையைச் சுட்டுக்கொண்டிருந்தார். அப்போது அந்த யோசனையைக் கொடுத்தது ஒரு பத்திரிகையாளர்.

தீ வைத்தது எனக்கும் பிடிக்காது. இருபது வயதில் பிடித்தது, இப்போது இல்லை. அந்த இடம் வந்தால் நான் ஒலியை மட்டும் கேட்பேன். ஆனால் படத்தை இன்னொருமுறை பார்க்க மனசிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். முழுக் கச்சேரியின் பதிவில் பெரும்பாலான பாட்டுகளை அவர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிதாரில், கறுப்பு நிறத்தில் ஒன்றில், வாசித்திருப்பார். கடைசிப் பாட்டுக்கு முன்னால் அதைக் கழற்றிவிட்டு, தன் கையாலேயே பூக்கள் வரைந்த வேறு ஒன்றை மாட்டிக்கொள்கிறார். எரிந்தது அந்தப் பூப்போட்டது. நான் மிகவும் நேசிக்கும் ஒன்றை இப்போது பலி கொடுக்கப்போகிறேன் என்று மைக்கில் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார். நேசமும் உண்மைதான், பலி ஆடு மாறியதும் உண்மைதான். இதைக் கண்டுபிடித்த அன்று நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மேல் பெர்த்தில் கிதாரை வைக்கிற ஆளும் இவரும் அவ்வளவு தூரத்தில் இல்லை.

அவருக்கு வாத்தியத்தின் அருமை தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். சியாட்டிலில் சின்னப் பையனாக இருந்தபோது துடைப்பத்தைக் கிதார் மாதிரி பிடித்துக்கொண்டு திரிந்தவர். அப்பாவோடு குப்பை அள்ளப் போன இடத்தில் ஒற்றைத் தந்தியோடு கிடந்த ஒரு யுகுலேலியை (குட்டிக் கிதார் மாதிரி இருக்கும்) எடுத்துவந்து அதில் வாசித்தவர். முதல் கிதார் ஐந்து டாலர். பிறகு வாங்கிய முதல் எலெக்ட்ரிக் கிதாரை மேடைக்குப் பின்னால் யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள்.

அம்மாவிடம் இதையும் கேளுங்கள்: எரிந்தது எப்படிப்பட்ட பொருள்? அம்மாவின் வீணை ஏகாந்த வீணையாக இருந்தால் ஒரே பலாமரத்தைக் குடைந்து செய்தது, மெழுகில் மெட்டு கட்டியது, செய்தவர் பெயர்கூட வீட்டில் தெரிந்திருக்கும். ஸ்ட்ராட்டோகாஸ்டரை 1954இல் கொண்டுவந்த லியோ ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கவே வராது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். கழுத்தை நாலு திருகாணியில் முடுக்கி வைத்தார், தேய்ந்தால் கழற்றிவிட்டு வேறு போட்டுக்கொள்ளலாம் என்று. நம் வீட்டு மிக்ஸி ஜார் மாதிரிதான். அதைக் கொளுத்துவதும் வீணையைக் கொளுத்துவதும் ஒன்றில்லை என்று நான் நினைக்கிறேன். அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதும் தெரியும். ஆயுத பூஜையில் ஸ்பேனருக்கும் பொட்டு வைக்கிற ஊர் நம்முடையது.

என் பெர்த் விஷயத்தையும் அவ்வளவு பக்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முகப்புப் பலகை விரிசல் விட்டால் ரிப்பேருக்கு ஆகும் காசை நினைத்து வந்த பயம் அதில் பாதி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒருமுறை ஒரு நிகழ்ச்சி படுமோசமாகப் போனபோது அதே கிதாரை அலமாரியில் நிற்கவைத்துப் பூட்டிவிட்டு எட்டு மாதம் தொடவில்லை. திறந்தபோது தந்தி துருப்பிடித்து, கழுத்து வளைந்து, பன்னிரண்டாவது ஃபிரெட்டில் (வீணையில் மெட்டு மாதிரி) தந்திக்கும் பலகைக்கும் நடுவே விரலே நுழைகிற அளவு இடைவெளி. எத்தனை வீடுகளில் கல்யாணச் சீராக வந்த வீணை பட்டுத்துணி போர்த்தி டி.வி. பக்கத்தில் வருஷக்கணக்காக நிற்கிறது என்று அம்மாவுக்குத்தான் தெரியும். அவர்தான் அங்கெல்லாம் சுருதி சேர்க்கப் போயிருப்பார்.

சரி, பிடித்ததைச் சொல்லாமல் எங்கெங்கோ போகிறேன். அந்த ராத்திரியின் முதல் பாட்டு. ஒரு பழைய ப்ளூஸ் பாட்டை தலைதெறிக்கிற வேகத்தில், கதவை உதைத்துத் திறக்கிற மாதிரி எடுக்கிறார். அவர் இடதுகைக்காரர், வலதுகைக் கிதாரைத் தலைகீழாகத் திருப்பித் தந்திகளை மாற்றிப் போட்டிருக்கிறார். அதனால் குமிழ்களும் ஸ்வரத்தை நெளிக்கிற கம்பியும் மேல்பக்கம் வந்துவிடுகின்றன. ஊரே பேசுகிற அந்தக் கடைசிப் பாட்டின் நடுவில்கூட, தரையில் உருளுவதற்கும் தீ வைப்பதற்கும் இடையில், 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் இன் த நைட்' மெட்டை ஒற்றைக் கையால் சும்மா தொட்டுவிட்டுப் போகிறார். முந்தின வருஷம் சினாட்ரா பாடி எல்லார் வீட்டு ரேடியோவிலும் ஓடிய மெட்டு. பாதிப் பேர் கவனித்திருக்க மாட்டார்கள். நடுவில் ஒரு இடத்தில், இங்கே எடுபடாமல் இங்கிலாந்துக்குப் போனவன் கதையாக்கும் என்று தன்னையே கிண்டல் வேறு செய்துகொள்கிறார். ஒன்பது மாதத்தை ஒரு கிண்டலில் முடித்துவிட்டார்.

அம்மாவுக்கு அதே கச்சேரியில் வாசித்த 'த விண்ட் க்ரைஸ் மேரி'யைப் போட்டுக் காட்டுங்கள். காட்டுங்கள் என்ன, திரையை அணைத்துவிட்டுக் கேட்க மட்டும் கொடுங்கள். மெதுவான பாட்டு. தந்தியை இழுத்து ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற இடத்தில் அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

ஜெயித்துவிட்டு என்ன ஆனார் என்றால், அடுத்த மாதமே மங்கீஸ் என்ற பாப் குழுவின் கச்சேரிக்கு முன்னால் வாசிக்க அனுப்பிவிட்டார்கள். மங்கீஸ் எப்போது வருவார்கள் என்று கத்துகிற பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகளுக்கு முன்னால்! சில நாள் தாக்குப்பிடித்துவிட்டு விலகிவிட்டார்.

மகனுக்குக் கிதார் வாங்கிக் கொடுங்கள். எலெக்ட்ரிக் வேண்டாம், நைலான் தந்தி போட்டது, முக்கால் சைஸ். இரும்புத் தந்தியில் ஆரம்பித்தால் விரல் நுனி எரிகிறது என்று பத்து நாளில் மூலையில் வைத்துவிடுவான். கடையில் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தந்திக்கும் பலகைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள், அழுத்தவே தனியாகப் பலம் வேண்டியிருந்தால் அது எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம். வெயிலில் மூடிய காருக்குள் விடாதீர்கள். முதல் நாள் சுருதி சேர்க்கிற வேலையை அம்மாவிடமே கொடுங்கள். ஏழு தந்தி வீணைக்குச் சேர்க்கிறவருக்கு ஆறு தந்தி ஒரு விஷயமா!

ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டை மட்டும் பெட்டியின் மேல் வைக்கச் சொல்லுங்கள். என் கிதாரின் முகப்பில் என் மாமியார் 2011இல் வைத்த பொட்டு வார்னிஷுக்குள் இறங்கி, ஒரு ரூபாய் அகலத்தில் இன்னும் இருக்கிறது.