பாய்மரத்தில் ஏறியவர்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நீர்மூழ்கி தாக்கி முதன்முதலில் மூழ்கிய போர்க்கப்பல் எது? அதில் இருந்தவர்கள் பிழைத்தார்களா? (கல்லூரி மாணவி, காரைக்குடி)

பதில்: அதன் பெயர் ஹூசட்டோனிக். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பின் நீராவிப் போர்க்கப்பல், 205 அடி நீளம். தெற்கிலிருந்து பருத்தி வெளியே போகக் கூடாது, ஆயுதம் உள்ளே வரக் கூடாது என்று 1861 ஏப்ரலில் லிங்கன் துறைமுகங்களை முற்றுகையிட ஆணையிட்டார். அதன்படி தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனுக்கு வெளியே காவல் நின்ற கப்பல்களில் இதுவும் ஒன்று.

1864 பிப்ரவரி 17, இரவு எட்டே முக்கால். நிலா வெளிச்சம், கடலில் அலையே இல்லை. காவலில் இருந்த அதிகாரி ஜான் கிராஸ்பி, சுமார் 100 கஜத்தில் ஒரு பலகை மிதப்பதைப் பார்த்தார். பலகை கப்பலை நோக்கியே வந்தது. உடனே நங்கூரச் சங்கிலியை விட்டுவிட்டு எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டினார்கள். வந்த பொருள் மிக அருகில் இருந்ததால் பீரங்கியை அவ்வளவு கீழே சாய்க்க முடியவில்லை. கேப்டன் பிக்கரிங் தன் இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்துத் தானே சுட்டார். எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள் நடந்தது.

வந்தது தெற்குத் தரப்பின் ஹன்லி. சுமார் 40 அடி நீள இரும்புக் கூடு, அதற்கு எஞ்சின் கிடையாது. ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்து கையால் தண்டைச் சுற்றினார்கள், எட்டாமவரான டிக்சன் ஓட்டினார். முன்னால் நீட்டிய 16 அடிக் கம்பத்தின் நுனியில் 135 பவுண்டு வெடிமருந்து. அன்று டார்பிடோ என்றால் அதுதான். தானாகப் பாயாது, கொண்டுபோய் மோத வேண்டும்.

வலப்பக்கம் பின்பகுதியில் வெடித்தது. சில நிமிடங்களில் ஹூசட்டோனிக் பின்புறமாக அமிழ்ந்து தரை தட்டியது. அங்கே ஆழம் 30 அடிக்கும் குறைவு, அதனால் பாய்மரங்கள் தண்ணீருக்கு மேலே நின்றன. ஆட்கள் கயிறுகளைப் பற்றி ஏறினார்கள். பிப்ரவரிக் குளிரில் ஈரத் துணியோடு தொங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு படகுகள் போய்ச் செய்தி சொல்ல, கேனன்டெய்குவா என்ற கப்பல் வர முக்கால் மணி நேரம் ஆனது. சுமார் 150 பேரில் இறந்தவர்கள் ஐந்து பேர்: ஹேசல்டைன், மசி, வில்லியம்ஸ், பார்க்கர், வால்ஷ்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஹன்லியைப் பற்றியே பேசிவிட்டுப் போகிறார்கள். எனக்கு ஜான் வால்ஷ் பெயரில்தான் மனம் நிற்கிறது. அவர் ஃபயர்மேன், கொதிகலனுக்குக் கரி போடும் வேலை. நான் 27 வருடம் சரக்குக் கப்பல் எஞ்சின் அறையில் இருந்தவன். மேலே என்ன நடக்கிறது என்று கீழே இருப்பவனுக்குத் தெரியாது. மணி அடித்தால் ‘பின்னால்’ என்கிறார்கள் என்று புரியும், ஏன் என்று புரியாது. ஒரு முறை நடுக்கடலில் பின்னிரவில் அந்த மணி அடித்தது. எதிரே ஒரு மீன்பிடிப் படகு வந்திருக்கிறது. அரை மணி கழித்து மேலே போன பிறகுதான் சொன்னார்கள். அந்த அரை மணியும் நான் பார்த்துக்கொண்டிருந்தது அழுத்தமானியின் முள்ளை மட்டும்தான்.

அப்புறம், ராபர்ட் ஃப்ளெமிங். கயிற்றில் தொங்கிய கறுப்பின மாலுமி. உதவிக்கு வந்த கப்பலுக்கு முன்னால் தண்ணீர் மட்டத்தில் ஒரு நீல ஒளியைக் கண்டதாக விசாரணையில் சொன்னார். ஹன்லி காட்டிய சைகை என்று பலர் நினைக்கிறார்கள். ஹன்லி கரை திரும்பவில்லை, எட்டுப் பேரும் உள்ளேயே இறந்தார்கள். அதற்கு முன் சோதனை ஓட்டங்களின்போதே அது இரண்டு முறை மூழ்கி 13 பேரைப் பலி வாங்கியிருந்தது. தெரிந்தும் ஏறினார்கள்.

கேள்வி: அந்த முற்றுகையால் நம் பக்கத்துப் பருத்திக்கு விலை ஏறியது உண்மையா? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: உண்மைதான். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்கு முக்கால் பங்குக்கு மேல் பஞ்சு அமெரிக்கத் தெற்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அது நின்றதும் இந்தியப் பஞ்சைத் தேடி வந்தார்கள். உங்கள் கரிசல் பருத்தியும் தூத்துக்குடி வழியாக நல்ல விலைக்குப் போனது. 1865-இல் போர் முடிந்ததும் விலை விழுந்தது, பம்பாயில் பல வியாபாரிகள் திவாலானார்கள்.

கேள்வி: இரண்டு கலங்களும் இப்போது எங்கே? (ஆசிரியர், நாகர்கோவில்)

பதில்: ஹன்லியை 1995-இல் கண்டுபிடித்து, 2000 ஆகஸ்ட் 8 அன்று தூக்கினார்கள். 2006-இல் எங்கள் கப்பல் சார்ல்ஸ்டனில் நின்றபோது போய்ப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குள் ஒருக்களித்துக் கிடந்தது. அதன் குறுகலைப் பார்த்ததும் எனக்கு மூச்சு முட்டியது; உள்ளே உயரம் நாலடிதான். டிக்சனின் 20 டாலர் தங்கக் காசும் அதற்குள்தான் கிடைத்தது. அதே உள்நாட்டுப் போரில், ஷைலோ என்ற இடத்துச் சண்டையில் குண்டு பட்டு வளைந்த காசு. ‘என் உயிர்காத்தது’ என்று அதில் பொறித்து வைத்திருந்தார். எட்டுப் பேரையும் 2004 ஏப்ரலில் அந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள்.

ஹூசட்டோனிக்கைத் தூக்கவில்லை. போருக்குப் பின் கப்பல் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று மேல்பகுதியை உடைத்தார்கள். வால்ஷும் கூட்டாளிகளும் கரி போட்ட கொதிகலன்களை 1909-இல் எடுத்தார்கள். மிச்சம் மணலுக்கடியில் இருக்கிறது.