‘நம்ம ஸ்கூல்’ – ஒரு ரைடர் தம்பியோட கடிதம்

அண்ணா வணக்கங்க,

நான் சேலங்க. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வச்சிருக்கேன், நாலு வருசமா இங்க ஒரு புல்லட் கிளப்ல இருக்கேன். வருசா வருசம் ஆகஸ்ட் 15 வந்தா வண்டில கொடி கட்டிட்டு விடியறதுக்குள்ள கிளம்பி கொல்லிமலை ஏறுவோம். மேல ஒரு சின்ன ஸ்கூல் இருக்குங்க, அங்க பசங்களுக்கு நோட்டு, பேக்கு, ஸ்வீட்டு குடுத்துட்டு சாயங்காலம் இறங்கிருவோம். இந்த வருசம் நாங்க போறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே கேடிஎம் ட்யூக் பைக் ஓட்டற பசங்க குரூப் ஒண்ணு அதே ஸ்கூலுக்குப் போயி பேக்கு குடுத்து ரீல்ஸ் போட்டுட்டாங்க. எங்க வாட்ஸ்அப் குரூப்பு கொதிச்சுப் போச்சுங்க. "நம்ம ஸ்கூலுக்கு அவனுங்க எப்படிப் போலாம்"னு ஆரம்பிச்சு அந்த ரீல்ஸுக்குக் கீழ போயி ஒரே சண்ட. அவங்க எங்கள பால்காரன் வண்டிங்கறாங்க, எங்காளுங்க அவங்கள புள்ளிங்கோ, செயின் அறுக்கற வண்டின்னு திட்டறாங்க. இப்ப எங்க அட்மின் அடுத்த வருசம் 80 வண்டி, ட்ரோன், புது டிசர்ட்டு, டபுள் பேக்குன்னு பிளான் போட்டிருக்காரு. இதெல்லாம் தேவைங்களான்னு கேட்டதுக்கு நீ எந்தப் பக்கம்னு கேட்டுட்டாங்க. கிளப்ப விடவும் மனசு வரல, அங்க இருக்கவும் ஒரு மாதிரி இருக்கு. சேரிட்டி ரைடுங்கறதே பொய்தானாங்ணா? நான் என்ன பண்ணட்டும்?

பேர் போட வேண்டாங்க.

*

அன்புள்ள தம்பி,

‘நம்ம ஸ்கூல்’. உங்க கடிதத்துல நான் திரும்பத் திரும்பப் படிச்சது இதத்தான். வருசத்துக்கு ஒரு நாள், அதுலயும் ரெண்டு மூணு மணி நேரம் இருந்துட்டு வர்ற இடம் எப்படி நம்ம ஸ்கூல் ஆவும்? அங்க பாடம் நடத்துற டீச்சருக்கு அது நம்ம ஸ்கூல், மழைலயும் பனிலயும் நடந்து வர்ற புள்ளைங்களுக்கு அது நம்ம ஸ்கூல். ட்யூக் பசங்க உங்ககிட்ட இருந்து எதையும் தூக்கிட்டுப் போகல தம்பி. இதக் கோவத்துல சொல்லல, நானும் ஒரு காலத்துல இதே வார்த்தைய வாய் நிறைய சொல்லிட்டுத் திரிஞ்சவன், அதனாலதான் படிச்சதும் சுருக்குன்னு இருந்துச்சு.

சில வருசம் முன்னாடி நாங்க 26 வண்டி ஜவ்வாது மலைல ஒரு ஸ்கூலுக்குப் போனோம். பேக் குடுக்கற நேரம், போட்டோ எடுத்த பையன் பார்த்துட்டு, பேனர் ஃபிரேம்ல வரலண்ணா, இன்னொரு தடவ குடுங்கன்னான். எனக்கு எதிர்ல நின்னது ரெண்டாங்கிளாஸ் பொண்ணு, எண்ணெய் வச்சு ரெட்டை ஜடை. நான் பைய வாங்கறதுக்கு கைய நீட்டுனேன். அந்தப் புள்ள விடல. ரெண்டு கையாலயும் வாரைப் புடிச்சு நெஞ்சோட சேத்துக்கிட்டு என்னைய நிமிர்ந்து பாத்துச்சு. திருப்பி எடுத்துட்டுப் போயிருவாங்கன்னு நெனச்சிருச்சு. குடுத்துரும்மா, அங்கிள் மறுபடி தருவாருன்னு டீச்சர் சொன்னப்பறம்தான் ஒவ்வொரு விரலா பிரிச்சுது. போட்டோ நல்லா வந்துச்சு, 26 பேரும் ஸ்டேட்டஸ் வச்சோம். அந்த விரல் பிரிஞ்ச விதம் எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது.

அன்னிக்கே கிளம்பறப்ப இன்னொண்ணும் நடந்துச்சு. மிச்சமிருந்த நோட்ட எங்க வைக்கன்னு டீச்சர்ட்ட கேட்டேன், ஆபீஸ் ரூம் பீரோவத் தெறந்தாங்க. உள்ள அடுக்கடுக்கா நோட்டு, ஜியாமெட்ரி பாக்ஸ், கலர் பென்சில், வேற வேற குரூப்போட ஸ்டிக்கர் ஒட்டுனது, போன வருசத்துது, அதுக்கு முந்துன வருசத்துது, பிரிக்காமயே கெடந்துச்சு. டீச்சர் ரொம்பத் தயங்கித் தயங்கி, "சார் நோட்டு இருக்கு சார், போர் மோட்டார் எரிஞ்சு நாலு மாசமாவுது, காயில் கட்டணும்"னாங்க. காயில் கட்ட அப்ப நாலாயிரத்தி சொச்சம் கேட்டாங்களாம். நாங்க வர்ற வழில டிபன் சாப்பிட்டதே அதுக்கு மேல. பொம்பளப் புள்ளைங்க பாத்ரூம் போக கீழ ஓடைல இருந்து குடத்துல தண்ணி தூக்கிட்டு இருந்துச்சுங்க, நாங்க அந்தக் குடத்தையெல்லாம் தாண்டித்தான் பேனர் கட்டப் போயிருக்கோம், ஒருத்தனும் கேக்கல.

அதனால மொதல்ல கணக்கப் போட்டுப் பாருங்க. சேலத்துல இருந்து கொல்லிமலை போய்ட்டு வர 200 கிலோமீட்டர்னு வச்சுக்குவோம். லிட்டருக்கு 30 குடுக்குதுன்னா வண்டிக்கு கிட்டத்தட்ட 7 லிட்டர், லிட்டர் 100 ரூவான்னா 700. 80 வண்டிக்கு 56,000. டிசர்ட்டு ஒண்ணு 350ன்னாலும் 28,000. ட்ரோன் வாடகை, பேனர், டிபன் எல்லாம் சேத்தா லட்சத்தத் தொடும். அந்த ஸ்கூல்ல 60 புள்ளைங்க இருந்தா, ஆளுக்கு 500 ரூவால பேக்கும் நோட்டும் குடுத்தாலும் 30,000 தான். ரைடு போறதுல தப்பே இல்ல, உங்க காசு உங்க சந்தோசம், நானும் போறவன்தான். ஆனா அந்த லட்சத்துக்கு சேரிட்டின்னு பேர் வைக்காதீங்க, அது நீங்க மலை ஏறுன செலவு.

போட்டியப் பத்தி சொல்லணும்னா, புல்லட்டு ட்யூக்கு சண்டை எனக்குப் புடிக்கும். நெசமாவே. வண்டியே வேற ஜாதி. புல்லட்டு இஞ்சின் மெதுவா சுத்தறப்பவே இழுக்கும், காரவள்ளில இருந்து ஏறுற 70 கொண்டை ஊசியையும் ரெண்டாவது கியர்ல டுப்பு டுப்புன்னு ஏறிட்டே இருக்கலாம், அவசரமே இல்ல. ட்யூக் 390 வேற ரகம், முறுக்கி மேல கொண்டு போனாத்தான் அதுக்கு உசுரு வரும். இது ரெண்டையும் ஒரே லைன்ல விட்டீங்கன்னா லீட் போறவன் யாருக்காக ஓட்டுவான், கடைசில வர்ற ஸ்வீப் யாருக்காக காத்திருப்பான்? அதனால தனித்தனி கிளப்பு இருக்கறது இயல்பு, பாதுகாப்பும் கூட. என் சித்தப்பா தலைமுறைல புல்லட்டா ஜாவாவான்னு அடிச்சுக்கிட்டாங்க, திருவொற்றியூர்ல செஞ்ச புல்லட்டா மைசூர்ல செஞ்ச ஜாவாவான்னு டீக்கடைல விடிய விடிய பேசுவாங்க. அதுக்கப்புறம் யமஹா ஆர்எக்ஸ் 100 வந்து ரெண்டு பேரையும் சிக்னல்ல விட்டுட்டுப் போச்சு. இந்தப் பேச்செல்லாம் இல்லன்னா வண்டில என்ன இருக்கு.

ஆனா இது எது வரைக்கும் போவும்னு ஒண்ணு சொல்றேன். அமெரிக்கால டெக்ஸாஸ்ல வேக்கோன்னு ஊரு, 2015 மே 17, ஒரு ரெஸ்டாரண்ட்ல பைக்கர் கிளப்புங்க கூடுனாங்க. பாண்டிடோஸ், காஸாக்ஸ்னு ரெண்டு கிளப்புக்கு ரொம்ப நாளா பகை. பகைக்கு ஒரு முக்கியக் காரணம், ஜாக்கெட் முதுகுல கீழ் பட்டைல ‘டெக்ஸாஸ்’னு யார் போட்டுக்கலாங்கறது. ஒரு துண்டுத் துணி தம்பி. அன்னிக்கு துப்பாக்கிச் சூட்டுல 9 பேர் செத்தாங்க. நம்மூர்ல துப்பாக்கி இல்ல, சரி. ஆனா ‘இது நம்ம ஏரியா, இது நம்ம ஸ்கூல்’ங்கற நெனப்பு அதே நெனப்புதான்.

இதுக்கு நேர்மாறா நான் பாத்ததும் இருக்கு. 2015 டிசம்பர் வெள்ளம். அப்ப சென்னைல இருந்தேன், முடிச்சூர் பக்கம் பால், பிரெட்டு, மாத்திரை கொண்டு போற வேலை. கார் போவாது, படகு எல்லாத் தெருவுக்கும் பத்தாது, பைக்குதான். வேலைக்கு வந்தவன் யார் எந்த கிளப்புன்னு ஒருத்தனுக்கும் தெரியாது, எல்லாம் ரெயின்கோட்டுக்குள்ள. முழங்கால் தண்ணில நடுவுல என் புல்லட்டு நின்னுருச்சு, சைலன்சருக்குள்ள தண்ணி. பின்னாடி ஒரு ஆர்எக்ஸ் 100 பையன் வந்தான், அவன் வண்டி லேசு, மொதல் கியர்லயே ரேஸ வுடாம புடிச்சுக்கிட்டு வந்தான். ஒரு வார்த்தை பேசல, என் ஃபுட்ரெஸ்ட்ல கால வச்சு தள்ளிக்கிட்டே மேட்டுல கொண்டு போய் விட்டான், அவனே பிளக்கக் கழட்டித் தொடச்சும் குடுத்தான். என் டேங்க் பையில குழந்தைங்க பால் பவுடர் டப்பா ஆறு இருந்துச்சு, வண்டி கிளம்ப லேட்டாவும்னு தெரிஞ்சதும் அதை வாங்கி அவன் பையில போட்டுக்கிட்டு எந்தத் தெருன்னு மட்டும் கேட்டுட்டுப் போயிட்டான். பேர் கேக்கல நான். அன்னிக்கு நாங்க பண்ணுனதுக்கு யாரும் சேரிட்டி ரைடுன்னு பேர் வைக்கல. பைக் மட்டுந்தான் போவ முடியுங்கற எடத்துக்கு பைக்கக் கொண்டு போனோம், அவ்ளோதான்.

சேரிட்டி ரைடே பொய்யான்னு கேட்டீங்க. இல்ல. ஒழுங்கா யோசிச்சு செஞ்சா ரொம்பப் பெரிய விசயம். டிஸ்டிங்விஷ்டு ஜென்டில்மேன்ஸ் ரைடுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, 2012ல ஆஸ்திரேலியால சிட்னில மார்க் ஹவாங்கறவரு ஆரம்பிச்சது. கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு கிளாசிக் ஸ்டைல் வண்டில மெதுவா ஊரச் சுத்துவாங்க, நம்ம ஊர்கள்லயும் நடக்குது. ஆம்பளைங்களுக்கு வர்ற ப்ராஸ்டேட் கேன்சருக்கும் மனநலத்துக்கும் பணம் தெரட்டறாங்க. எனக்கு அதுல புடிச்சது சூட்டு இல்ல. ஒவ்வொரு ரைடரும் தன் பேர்ல ஒரு ஆன்லைன் பக்கம் தெறந்து தெரிஞ்சவங்கள்ட்ட கேக்கறாங்க, பணம் நேரா போய்ச் சேருது. எந்த நோயாளியையும் வரிசைல நிக்க வச்சு கைல எதையும் குடுக்கறதில்ல. போட்டோல இருக்கறது ரைடரும் வண்டியும் மட்டுந்தான். நம்ம போட்டோவ நாம எடுத்துக்கலாம், அதுல ஒரு தப்பும் கிடையாது.

இல்ல, போட்டி போட்டே ஆவணும்னா ரத்தத்துல போடுங்க. அதுலயும் எல்லாரும் ஒரே நாள்ல கேம்ப் வச்சு 100 யூனிட்டுன்னு போஸ்டர் போட வேண்டாம், ரத்தம் அப்படி சேத்து வைக்கற பொருள் இல்ல. சிவப்பணு அஞ்சாறு வாரம் தாங்கும், பிளேட்லெட்டுன்னா 5 நாள்தான். ஒரு ஆம்பள மறுபடி குடுக்க 90 நாள் ஆவணும், பொம்பளைங்கன்னா 120. அப்ப உங்க கிளப்பு ஒரு தடவ, ரெண்டு மாசம் கழிச்சு ட்யூக் பசங்க, அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி நீங்கன்னு மாத்தி மாத்திக் குடுத்தாத்தான் ரத்த வங்கிக்கு உபயோகம், ரெண்டு கிளப்பும் இருந்தாத்தான் அந்தச் சுத்தே ஓடும். இன்னொண்ணு, ரத்தம் குடுத்துட்டு உடனே வண்டிய எடுத்து மலை ஏறாதீங்க. தல சுத்துனா நாலு சக்கரம் ஓரமா நின்னுரும், ரெண்டு சக்கரம் நிக்காது.

அதே மாதிரி விபத்து. ஹைவேல அடிபட்டுக் கெடக்கறவன மொதல்ல பாக்கறது பெரும்பாலும் நம்மள மாதிரி ஆளுதான். 2019 சட்டத்திருத்தத்துக்கு அப்புறம் உதவி பண்றவங்க மேல கேஸுன்னு யாரும் மெரட்ட முடியாது, உங்க பேரச் சொல்லணும்னு கூட கட்டாயம் கெடையாது. தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல இருந்து ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்துல மொதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம், திட்டத்துல இருக்கற தனியார் ஆஸ்பத்திரிலயும் சேத்து. ரெண்டு கிளப்பும் சேந்து ஒரு டாக்டரக் கூட்டிட்டு வந்து, அடிபட்டவனை எப்படித் தூக்கணும், ஹெல்மெட்ட எப்பக் கழட்டக்கூடாதுன்னு ஒரு நாள் கத்துக்கிட்டீங்கன்னா அது 80 பேக்க விட பெருசு.

கிளப்ப விட்டு வராதீங்க. கேள்வி கேக்கற ஒரே ஆளும் வெளிய வந்துட்டா அங்க மிச்சம் ட்ரோனுதான். குரூப்புல டைப் பண்ணி சண்ட போடவும் வேண்டாம், எழுத்துல எல்லாருக்கும் வீரம் வந்துரும். அட்மின் வீட்டுக்கு ஒரு நாள் சாயங்காலம் போங்க, அவரு மோசமானவரா இருக்க மாட்டாரு, நாலு வருசம் ஒரு ஸ்கூல மறக்காம போயிட்டு வந்தவரு. அந்தக் கணக்க எழுதிக் காட்டுங்க. அப்புறம் வேலை நாள்ல ஒரு நாள் லீவு போட்டுட்டு நீங்க ரெண்டு பேர் மட்டும் மலை ஏறுங்க, டிசர்ட்டு இல்லாம, பேட்ச் இல்லாம. ஹெச்எம்மப் பாருங்க. என்ன குடுக்கட்டும்னு கேக்காதீங்க, வாங்கிப் பழகுனவங்க கூச்சத்துல நோட்டுன்னுதான் சொல்லுவாங்க. பீரோவத் தெறந்து காட்டச் சொல்லுங்க, தண்ணி எங்கருந்து வருதுன்னு கேளுங்க, பாத்ரூம் கதவுல தாப்பா இருக்கான்னு பாருங்க. ட்யூக் குரூப்பு அட்மின் நம்பரும் அவங்ககிட்டயே இருக்கும், வாங்கிட்டு வாங்க. ரெண்டு கிளப்பும் ஒண்ணா போகணும்னு இல்ல. நீங்க ஜூன்ல, அவங்க டிசம்பர்லன்னு பேசிக்கலாம், லிஸ்ட்டு மட்டும் ஒண்ணா இருக்கட்டும்.

பொங்கலுக்கு முன்னாடி போயிட்டு வந்துருவீங்கன்னு நெனைக்கறேன். ஹெச்எம் என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க. மோட்டார், காயில் மாதிரி ஏதாச்சும்னா என் பங்கும் போட்டுக்கறேன், ரசீது மட்டும் ஸ்கூல் பேர்ல வாங்கிருங்க.

அன்புடன்