மஞ்சள் அங்கியும் கார்பன் வரியும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் அலுவலகத்தில் சாப்பாட்டு வேளையில் காலநிலை மாற்றம் பற்றிப் பேச்சு வந்தது. வெயில் கூடிவிட்டது, மழை பருவம் தப்பிப் பெய்கிறது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். "சரி, பெட்ரோலுக்கு லிட்டருக்கு 5 ரூபாய் கார்பன் வரி போட்டால் கொடுப்பீர்களா?" என்று கேட்டேன். ஒருவர்கூடத் தயாராக இல்லை. 2018-இல் பிரான்ஸில் நடந்ததும் இதுதானே? வசதியான நாடு, படித்த ஜனங்கள். டீசல் சில காசு ஏறியதும் மஞ்சள் அங்கியைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்து பாரிஸில் தீ வைத்தார்கள். மக்களுக்கு இதில் உண்மையான அக்கறை கிடையாது, வாயளவில்தான் பேசுகிறார்கள் என்பது என் முடிவு. ஓட்டுக்குப் பயப்படும் எந்த அரசும் இதைச் செய்யப் போவதில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்.,
ஈரோடு

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் நீங்கள் வந்து சேர்ந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. பிரான்ஸை நீங்களே எடுத்துக்கொடுத்துவிட்டீர்கள், அங்கிருந்தே தொடங்குகிறேன். அந்தக் கதையை 'மக்கள் வரி கட்ட மறுத்தார்கள்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவதுதான் பெரிய சிக்கல்.

பிரான்ஸ் எரிபொருள் மீது கார்பன் வரியைக் கொண்டுவந்தது 2014-இல். அப்போது எரிபொருள் வெளியிடும் கரியமில வாயுவில் ஒரு டன்னுக்கு 7 யூரோ. 2018-இல் அது 44.60 யூரோ ஆகிவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் யாரும் தெருவுக்கு வரவில்லை, எண்ணெய் விலை சரிந்திருந்ததால் வரி ஏறியதே தெரியவில்லை. 2018-இல் கச்சா எண்ணெய் விலையும் ஏறியது, டீசல் மீதான வரியும் லிட்டருக்கு 7.6 சென்ட் கூடியது. அடுத்த ஜனவரியில் இன்னும் 6.5 சென்ட் ஏறும் என்று அறிவித்திருந்தார்கள். பெட்ரோலுக்கு உயர்வு இதில் பாதிதான். அந்த நாட்டு அரசு பல பத்தாண்டுகளாக டீசலுக்கு வரியைக் குறைவாக வைத்து, டீசல் கார் வாங்குங்கள் என்று ஜனங்களை அந்தப் பக்கம் தள்ளியிருந்தது. ஒரு கட்டத்தில் அங்கே விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஏழு டீசல் கார். அதே அரசு இப்போது டீசல் ஓட்டுபவர்களைக் குற்றவாளிபோலப் பார்த்தால் அவர்கள் என்ன செய்வார்கள்?

யார் அவர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். முதியோர் இல்லத்தில் விடியற்காலை வேலைக்குப் போய்ச் சேர வேண்டிய ஓர் உதவிச் செவிலியரை நினைத்துக்கொள்ளுங்கள். நகரத்துக்குள் வாடகை கட்டுப்படியாகாமல் 30, 40 கிலோமீட்டர் தள்ளிக் குடியிருப்பவர். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது, கிளை ரயில் பாதையை எப்போதோ மூடிவிட்டார்கள். பக்கத்து ஊரில் இருந்த பிரசவ ஆஸ்பத்திரியும் தபால் நிலையமும்கூடத் தொலைவுக்குப் போய்விட்டன. பழைய டீசல் காரை விட்டால் அவருக்கு வேறு வழியில்லை. இவருக்கு டீசல் விலையை ஏற்றினால் பயணம் குறையாது, மாதக் கடைசியில் சாப்பாட்டுச் செலவுதான் குறையும். 2018 நவம்பர் 17 அன்று உள்துறை அமைச்சகக் கணக்குப்படியே சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் பேர் நாடெங்கும் தெருவுக்கு வந்தார்கள். பாரிஸில் எரிந்த கார்களைத்தான் தொலைக்காட்சியில் பார்த்தோம். பெரும்பாலானவர்கள் கூடியது சிற்றூர்களுக்கு வெளியே உள்ள சாலை ரவுண்டானாக்களில். மரப் பலகைகளை எரித்துக் குளிர்காய்ந்துகொண்டு, காபி பங்கிட்டுக்கொண்டு, வாரக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். அந்த மஞ்சள் அங்கி விபத்து நேரத்தில் போட்டுக்கொள்வதற்காக ஒவ்வொரு காரிலும் இருந்தாக வேண்டும் என்று அரசே சட்டம் போட்டு வைக்கச் சொன்னது.

அவர்கள் கேட்ட கேள்விகளைப் பாருங்கள். அதே 2018 தொடக்கத்தில் பெரும் பணக்காரர்களின் பங்கு, முதலீடுகள் மீதான சொத்து வரியை அரசு எடுத்துவிட்டது. எங்களுக்கு ஏற்றி அவர்களுக்கு ஏன் இறக்கினீர்கள் என்றார்கள். நாங்கள் வேலைக்குப் போகும் டீசலுக்கு வரி, விமானம் குடிக்கும் எரிபொருளுக்கு ஏன் வரி இல்லை என்றார்கள். இந்தப் பணத்தில் எவ்வளவு ரயிலுக்கும் வீடுகளைச் சீர்செய்வதற்கும் போகிறது என்றார்கள். பெரும்பகுதி அரசின் பொதுக் கணக்கில் கரைந்துகொண்டிருந்தது என்பதுதான் பதில். இந்த மூன்று கேள்வியையும் கேட்பவரைக் காலநிலையில் அக்கறை இல்லாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டிசம்பர் 8 அன்று காலநிலைப் பேரணியும் மஞ்சள் அங்கியினரின் ஊர்வலமும் ஒரே நாளில் நடந்தன. உலகத்தின் முடிவும் மாதத்தின் முடிவும் ஒரே போராட்டம் என்பது அப்போது எழுந்த முழக்கம்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் முக்கியம், அது நம் பத்திரிகைகளில் அதிகம் வரவில்லை. வரி உயர்வை அரசு கைவிட்டது. பிறகு 150 சாதாரணக் குடிமக்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, கார்பன் உமிழ்வை 2030-க்குள் 1990-ஆம் ஆண்டு அளவிலிருந்து குறைந்தது 40 சதவீதம், நியாயமான முறையில் எப்படிக் குறைக்கலாம் என்று கேட்டது. இப்படி ஒரு குடிமக்கள் சபை வேண்டும் என்று அரசை நெருக்கியவர்களில் பிரிசிலியா லுடோஸ்கியும் ஒருவர். எரிபொருள் விலையை எதிர்த்துப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட மனுவைத் தொடங்கியவரும் அவர்தான். அந்த 150 பேரில் மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள், விவசாயிகள், வேலையில்லாதவர்கள் எல்லோரும் இருந்தார்கள். 2019 அக்டோபரில் தொடங்கிப் பல மாதங்கள் விஞ்ஞானிகளைக் கேட்டார்கள், தங்களுக்குள் சண்டை போட்டார்கள். 2020 ஜூனில் 149 பரிந்துரைகளைக் கொடுத்தார்கள். ரயிலில் நான்கு மணி நேரத்துக்குள் போகக்கூடிய ஊர்களுக்கு உள்நாட்டு விமானம் வேண்டாம், நெடுஞ்சாலையில் வேகத்தை 110 கிலோமீட்டராகக் குறை, வெப்பம் வீணாகும் வீடுகளைக் கட்டாயமாகச் சீர்செய் என்றெல்லாம் கேட்டார்கள். எரிபொருள் மீதான கார்பன் வரியை மட்டும் தொடவில்லை.

இந்தப் பரிந்துரைகளை வடிகட்டாமல் அப்படியே முன்னெடுப்பேன் என்று சொன்ன அதிபர் மக்ரோன், வேக வரம்பை முதலிலேயே ஒதுக்கினார். 2021-இல் வந்த சட்டத்தில் விமானத் தடை இரண்டரை மணி நேரப் பயணங்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. ஆக, இங்கே முன்னால் போனது மக்கள், பின்வாங்கியது அரசு. ஓட்டுக்குப் பயந்து அரசு எதையும் செய்யாது என்கிறீர்கள். பிரான்ஸில் அரசை அதட்டியது சாமானியர்கள் மீதான பயம் மட்டுமா, விமான நிறுவனங்களும் கட்டுமானக்காரர்களும் கொடுத்த நெருக்கடியுமா என்று நீங்களே யோசியுங்கள்.

2024-இல் வந்த ஓர் ஆய்வு இங்கே உதவும். 125 நாடுகளில் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் பேரிடம் கேட்டார்கள். மாத வருமானத்தில் 1 சதவீதத்தைக் காலநிலைக்காகக் கொடுக்கத் தயார் என்றவர்கள் 69 சதவீதம். உங்கள் நாட்டில் எத்தனை பேர் கொடுப்பார்கள் என்று அவர்களிடமே கேட்டபோது வந்த சராசரிப் பதில் 43 சதவீதம்தான். நான் தயார், மற்றவர்கள் தயாரில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டு சும்மா இருக்கிறோம். உங்கள் கடிதத்திலும் இந்த நினைப்பு இருக்கிறது, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொடுக்கத் தயார் என்று கருத்துக்கணிப்பில் சொல்வது வேறு, கொடுப்பது வேறு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் சுவிட்சர்லாந்தைச் சொல்கிறேன், அங்கே மக்கள் நேரடியாக வாக்களிக்கிறார்கள். 2021 ஜூனில் பெட்ரோல் விலையையும் விமான டிக்கெட்டையும் ஏற்றக்கூடிய சட்டத்தை 51.6 சதவீதம் பேர் தோற்கடித்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 2023 ஜூனில், 2050-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்கும், அதாவது வெளியிடும் அளவுக்குக் கார்பனை உறிஞ்சியும் எடுத்துவிடும் சட்டத்தை 59.1 சதவீதம் பேர் ஏற்றார்கள். இரண்டாவது சட்டத்தில் புதிய வரி இல்லை. எண்ணெயிலும் எரிவாயுவிலும் வீட்டைச் சூடாக்கும் பழைய சாதனங்களை மாற்றப் பத்து ஆண்டுகளுக்கு 200 கோடி பிராங்க் உதவி இருந்தது. வாக்களித்தது அதே ஜனங்கள்தான்.

சரி, வரியை வாங்கி மக்களுக்கே திருப்பிக் கொடுத்தால் போதுமா? போதாது என்று கனடா காட்டியது. எனக்கு மிகவும் வருத்தம் தந்த தோல்வி அது. 2019-இல் அங்கே மத்திய அரசு எரிபொருளுக்குக் கார்பன் கட்டணம் கொண்டுவந்து, வசூலில் ஏறக்குறைய 90 சதவீதத்தைக் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தது. 2024-இல் ஒன்டாரியோ மாகாணத்தில் நால்வர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,120 டாலர் வந்தது. பெட்ரோல் பங்கில் தாங்கள் நேரடியாகக் கொடுத்ததைவிடப் பெரும்பாலான குடும்பங்கள் பெற்றது அதிகம். ஆனால் விலை ஏறுவது தினமும் பெட்ரோல் பங்கில் கண்ணில் பட்டது. திரும்பி வரும் பணமோ முதல் சில ஆண்டுகள் வருமான வரிக் கணக்கில் ஒரு வரியாக ஒளிந்திருந்தது. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்குக்கு வந்தபோதும், பல வங்கிகளில் என்ன பணம் என்றே புரியாத பெயரில் விழுந்தது. சுவிட்சர்லாந்திலும் இதே கதை. அங்கே சூடாக்கும் எண்ணெய் மீதான கார்பன் வரியின் பங்கு மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்தில் கழிக்கப்படுகிறது, அது தனக்கு வருகிறது என்றே பலருக்குத் தெரியாது. கனடாவில் விலைவாசி ஏறியது, எதிர்க்கட்சி 'வரியை ஒழி' என்று ஊர் ஊராகப் போனது. கடைசியில் 2025 ஏப்ரல் 1 முதல் புதிய பிரதமர் மார்க் கார்னியின் அரசே அந்தக் கட்டணத்தைப் பூஜ்யமாக்கியது. மக்களிடம் ஒன்றை நியாயமாகச் செய்தால் மட்டும் போதாது, நியாயம் நடப்பது அவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். 5 ரூபாய்க் கேள்வி உங்கள் நண்பர்களுக்கு நியாயமாகவே எரிச்சல் ஊட்டியிருக்கும். ஒரு சராசரி இந்தியரின் கார்பன் உமிழ்வு ஆண்டுக்குச் சுமார் 2 டன், அமெரிக்கருடையது 14 டன்னுக்கு மேல். பெட்ரோல் விலையில் ஏற்கெனவே பெரிய பங்கு வரி. ஆனால் கார்பன் மீது ஒரு வரியை நாம் ஏழெட்டு ஆண்டுகள் கட்டியே வந்திருக்கிறோம். 2010-இல் இந்திய அரசு நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் செஸ், அதாவது ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கான தனி வரி, போட்டது. தூய ஆற்றலுக்கு ஒரு நிதி அமைத்து, சூரிய மின்சாரம் போன்றவற்றுக்குச் செலவிடப் போவதாகச் சொன்னார்கள். 2016-க்குள் அது 400 ரூபாய் ஆனது. எவரும் ரவுண்டானாவில் உட்காரவில்லை, ஏனென்றால் மின்கட்டண ரசீதில் அது தனியாகத் தெரியாது. 2017-18 வரை வசூலானது சுமார் 86,000 கோடி ரூபாய். அந்த நிதிக்குப் போய்ச் சேர்ந்தது 30,000 கோடிக்கும் குறைவு. அதிலும் செலவானது ஏறக்குறைய பாதிதான். 2017-இல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த 400 ரூபாய் மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுக்கும் கணக்குக்குத் திருப்பப்பட்டது. இதைக் கேட்டுத் தெருவுக்கு வந்தவர்கள் யாரும் இல்லை. வரியைப் பற்றி யாருக்கும் தெரியாதபோது அந்தப் பணம் எங்கே போனது என்று யார் கேட்பார்கள்? அந்தக் கோடிகளில் நம் சிற்றூர்களுக்கு எத்தனை பஸ் விட்டிருக்கலாம், எத்தனை பம்புசெட்டுகளைச் சூரிய மின்சாரத்துக்கு மாற்றியிருக்கலாம் என்ற கணக்கை உங்கள் நண்பர்கள் முன்னால் வையுங்கள். அதன் பிறகும் அவர்கள் தலையை ஆட்டி மறுத்தால் எனக்கு எழுதுங்கள், மறுபடி பேசுவோம்.

அன்புடன்