போஷ், நியூஸ், டோர்ட் – கடிதம்

வணக்கம் சார்,

அரிதான ஆங்கிலச் சொற்களைக் குறிப்பேட்டில் சேர்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. பொருளோடு பிறந்த கதையையும் எழுதிவைப்பேன். நான்கு திசைகளின் முதலெழுத்துகள் சேர்ந்து நியூஸ் ஆனது, கப்பலில் இந்தியாவுக்கு வந்த பணக்காரர்கள் வரும்போது இடப்பக்கமும் திரும்பும்போது வலப்பக்கமும் நிழலான அறை எடுத்ததால், பகட்டான என்ற பொருள் கொண்ட போஷ் வந்தது, இப்படி. பாதி கட்டுக்கதை என்று நண்பர் கிண்டல் செய்கிறார். எதை வைத்துக்கொள்வது, எதை அடிப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த இரண்டையும் அடித்துவிடுங்கள். நியூ என்பதோடு ஒரு எஸ் சேர்ந்து பன்மையானதுதான் நியூஸ். புதியவை, அவ்வளவுதான். போஷ் கதை இன்னும் அழகானது, அதனாலேயே சாகமாட்டேன் என்கிறது. போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம் (போகையில் இடப்பக்கம், திரும்புகையில் வலப்பக்கம்) என்பதன் முதலெழுத்துகளாகச் சுருக்கி பி அண்ட் ஓ கப்பல் கம்பெனி டிக்கெட்டில் முத்திரை குத்தியதாம். அப்படி ஒரு டிக்கெட்டைக்கூட இதுவரை யாரும் காட்டியதில்லை.

முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த சொல் என்று யாராவது சொன்னால் முதலில் அந்தச் சொல்லின் வயதைக் கேளுங்கள். ரேடார், லேசர் எல்லாம் சரி. ஆனால் இத்தகைய சொல்லுக்கான அக்ரோனிம் என்ற பெயரே ஆங்கிலத்தில் 1940-களை ஒட்டித்தான் புழக்கத்துக்கு வருகிறது, அதற்குச் சில நூற்றாண்டு முந்தைய சொல்லுக்கு இந்த ஜாதகத்தை எழுதினால் பெரும்பாலும் பொய்.

அடுத்தது தேதி. டப்ளின் நாடகக் கொட்டகைக்காரர் ஒருவர் பந்தயம் கட்டி, அர்த்தமே இல்லாத ஒரு சொல்லை ராத்திரியோடு ராத்திரியாக ஊர்ச் சுவரெல்லாம் எழுதவைத்தார், அதுதான் க்விஸ் என்பார்கள். பந்தயத்துக்குச் சொல்லப்படும் வருடம் 1791. விசித்திரமான ஆள் என்ற பொருளில் அந்தச் சொல் 1782-லேயே எழுத்தில் இருக்கிறது! தேடாமலே நல்லது தற்செயலாகக் கிடைப்பதைக் குறிக்கும் செரண்டிபிட்டிக்கு இந்தச் சிக்கல் இல்லை. 1754 ஜனவரி 28 அன்று ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் தன் நண்பர் ஹொரேஸ் மேனுக்கு எழுதிய கடிதத்தில், செரண்டிப்பின் மூன்று இளவரசர்கள் பற்றிய கதையிலிருந்து தானே செய்த சொல் என்று விளக்கியே விடுகிறார். செரண்டிப் இலங்கையின் பழைய பாரசீகப் பெயர். கதையும் நன்றாக இருக்கிறது, காகிதமும் இருக்கிறது, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கதையே இல்லாததால் மாட்டிக்கொண்ட சொல் ஒன்றும் உண்டு, எனக்கு அதுதான் செல்லம். 1934 வெப்ஸ்டர் பெரிய அகராதியில் டோர்ட் என்றொரு சொல், அடர்த்தி என்று பொருள். அடர்த்தியைக் குறிக்க டி என்ற எழுத்தைப் பெரியதாகவோ சிறியதாகவோ போடலாம் என்பதற்காக அகராதியின் வேதியியல் பதிப்பாசிரியர் 'D or d' (டி ஆர் டி, அதாவது பெரிய டி அல்லது சிறிய டி) என்று எழுதி அனுப்பிய சீட்டை, இடைவெளிகளைக் கவனிக்காமல் யாரோ ஒரே சொல்லாகப் படித்துவிட்டார்கள். 1939-ல் அகராதியின் பதிப்பாசிரியர் ஒருவர் பக்கத்தைப் புரட்டும்போது அந்தச் சொல்லுக்கு மட்டும் வேர் எதுவும் குறிப்பிடப்படாததைக் கவனித்தார், குட்டு உடைந்தது. அதே அகராதியின் அடுத்த பெரிய பதிப்பை உருவாக்கிய பிலிப் கோவ் 1954-ல் இந்தக் கதையை எழுதியபோது, டோர்ட் என்றால் அடர்த்தி என்று இருந்துவிட்டுப் போனால்தான் என்ன என்கிற தொனியில் கொஞ்சம் வருத்தமே பட்டிருக்கிறார்.