வாசகர் கேள்வி – பதில்: பாட்டறையும் பொரித்த கோழியும்

பூசான் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வேலை செய்த காலத்தில், கொரிய நண்பர்களோடு பொரித்த கோழிக் கடையில் தொடங்கிப் பாட்டறையில் முடித்த ஓர் இரவைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில், அந்த இரவைப் பற்றியே கேட்டிருந்தவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

என் மகன் சரக்குக் கப்பலில் மூன்றாம் எஞ்சினியராக இருக்கிறான். கப்பல் பூசானில் நின்றபோது அங்குள்ளவர்கள் அவனைக் கோழிக் கடைக்கும், பிறகு ஏதோ ‘பாட்டு ரூமு’க்கும் அழைத்துப் போனார்களாம். இரவு ஒரு மணிக்குத்தான் கப்பலுக்குத் திரும்பியிருக்கிறான். அது கெட்ட இடம் இல்லையே, ஐயா? – தொண்டி வாசகி

அம்மா, நான் பூசானுக்குப் போன முதல் மாதத்தில் என் தாயாரும் மண்டபத்திலிருந்து போன் செய்து ஏறக்குறைய இதே சொற்களில் கேட்டார்கள். உங்கள் மகன் போனது நோரேபாங் என்ற இடத்துக்கு. கொரிய மொழியில் நோரே என்றால் பாட்டு, பாங் என்றால் அறை. மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் சிறிய அறைக்குள் தெரிந்தவர்கள் மட்டும் உட்கார்ந்து, திரையில் ஓடும் வரிகளைப் பார்த்துப் பாடுவார்கள். கொரியச் சட்டப்படி நோரேபாங்கில் மது விற்கக் கூடாது, விருந்தினரோடு உட்கார்ந்து உபசரிக்க ஆள் வைக்கவும் கூடாது. பள்ளிப் பிள்ளைகள்கூட இரவு பத்து மணி வரை அங்கே போய்ப் பாடுகிறார்கள். மதுவோடு பாட்டும் வைத்து நடத்தும் கடைகள் அங்கே வேறு உரிமத்தின் கீழ் தனியாக உள்ளன. அவற்றில் சில பணத்தைக் கறக்கும் இடங்கள்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆகவே உங்கள் மகனிடம் ஒன்றை மட்டும் சொல்லி வையுங்கள்: தெருவில் நின்று கையைப் பிடித்து அழைப்பவனை நம்பி எந்த மாடிப்படியிலும் ஏற வேண்டாம். நானும் ஒரு முறை அப்படி ஏறிப் போய், கேட்காத பழத்தட்டுக்கு ஒரு வாரச் சாப்பாட்டுக் காசைக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினேன்.

மற்றபடி அவன் கழித்த இரவு, கொரியாவில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் கழிக்கும் இரவுதான். அதை அவர்கள் சுற்றுக் கணக்கில் சொல்வார்கள். முதல் சுற்று சாப்பாடு, இரண்டாம் சுற்று வேறொரு கடை, அதற்குப் பிறகு பாட்டு என்று இரவு நீளும். நான் போன நோரேபாங் ஒரு கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. குறுகலான நடையின் இருபுறமும் கண்ணாடி பதித்த கதவுகள் இருந்தன. அறைக்குள் ஒரு நீண்ட சோபா, இரண்டு மைக், பாட்டு எண்களை அழுத்துவதற்கு ஒரு பெரிய ரிமோட், கஞ்சிராவைப் போல் ஓரத்தில் சலங்கைத் தகடுகள் கோத்த இரண்டு டாம்பரின்கள். மைக்கின் தலைக்கு மாட்டிக்கொள்ளப் புதிய துணி உறையை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். திரையின் மூலையில் மீதியுள்ள நிமிடங்கள் குறைந்துகொண்டே வரும். அவை தீரப்போகும் நேரத்தில் கடைக்கார அம்மாள் கேட்காமலே பத்து நிமிடம் சேர்த்துவிட, அறையிலிருந்த எல்லாரும் திருவிழாவில் தேர் நகர்ந்ததைப் போலக் கூச்சலிட்டார்கள். அந்த இலவச நிமிடங்களைக் கொரியர்கள் ‘சர்வீஸ்’ என்றே சொல்கிறார்கள்.

இந்தக் கரோக்கே கொரியாவிலேயே பிறந்ததா? கோழி பொரிப்பது அவர்களுடைய பழைய சமையலா? – பரமக்குடி வாசகர்

இரண்டுமே வெளியிலிருந்து வந்தவை. 1971-இல் ஜப்பானின் கோபே நகரத்தில் தைசுகே இனோவே என்ற இசைக் கலைஞர், காசு போட்டால் பின்னணி இசை மட்டும் ஒலிக்கும் ஒரு பெட்டியைச் செய்தார். அதற்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை. தனி அறையில் பாடும் வழக்கம் கொரியாவில் 1991-இல் பூசானில்தான் தொடங்கியது. ஜப்பானுக்கு மிக அருகில் உள்ள பெரிய கொரியத் துறைமுகம் அது; எதிர்க்கரைப் பொருளும் பழக்கமும் முதலில் இறங்குவது துறைமுகத்தில்தான் என்பதை நம் கடற்கரைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கோழியின் கதை இதைவிட உருக்கமானது. 1977-இல் சியோலின் ஒரு பெரிய அங்காடியின் கீழ்த்தளத்தில் லிம்ஸ் சிக்கன் என்ற கடை பொரித்த கோழியை விற்கத் தொடங்கியது. அதற்கடுத்த சில ஆண்டுகளில் தேகு நகரத்தில், மேலோடு கெட்டியாகி வாயைக் குத்துவதாக வாடிக்கையாளர்கள் குறைப்பட்டதால், இனிப்பும் காரமும் கலந்த குழம்பைப் பூசும் முறை வந்தது. யாங்ன்யோம் என்பது அதன் பெயர். 1997-இல் ஆசிய நிதி நெருக்கடி வந்து பல்லாயிரம் பேர் வேலை இழந்தபோது, கையில் கிடைத்த பணத்தை வைத்து அவர்களில் பலர் தொடங்கியது கோழிக் கடையைத்தான். பெரிய இடம் வேண்டாம், நீண்ட பயிற்சி வேண்டாம், ஓர் எண்ணெய்த் தொட்டி போதும். 2002-இல் உலகக் கோப்பைக் கால்பந்து அங்கே நடந்தபோது ஊர் முழுவதும் கூடி உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்க்க, கோழியும் பீரும் அந்தக் கூட்டத்தின் உணவாயின. சிக்கன், மெக்ஜு என்ற இரு சொற்களின் தலைகளைச் சேர்த்துச் ‘சிமெக்’ என்பார்கள். மெக்ஜு என்றால் பீர். நான் வழக்கமாகப் போன கடையின் முதலாளி, முன்பு ஓர் அலுவலகத்தில் கணக்கராக இருந்தவர். பொரித்த துண்டுகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கும்போது அவர் உதடுகள் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

நீங்கள் எழுதிய கோழி அரை மணி நேரம் கழித்தும் மொறுமொறுப்பாக இருந்ததாமே! எங்கள் வீட்டில் பொரிக்கும் கோழி, கடல் காற்று பட்டதும் பத்து நிமிடத்தில் நமுத்துப்போகிறது. எப்படிச் செய்கிறார்கள்? – பாம்பன் வாசகி

வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. விடை இரண்டு இடங்களில் இருக்கிறது: மாவில் ஒன்று, இரண்டாம் முறை பொரிப்பதில் மற்றொன்று.

கோதுமை மாவும் கடலை மாவும் தடித்த போர்வையாக ஒட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைக்கும். கொரியர்கள் பெரும்பாலும் உருளைக்கிழங்கு மாவுச்சத்தையோ சோள மாவுச்சத்தையோ மெல்லிய படலமாகப் பூசுகிறார்கள். நம் ஊரில் கார்ன்ஃப்ளார் மூன்று பங்கும் பச்சரிசி மாவு ஒரு பங்கும் கலந்துகொண்டால் போதும். கோழி சிறியதாக, தோலோடு சேர்த்து ஒரு கிலோ எடைக்குள் இருப்பது நல்லது. துண்டுகளும் சிறியவையாக இருக்கட்டும். உப்பு, இஞ்சி, மிளகுத்தூள் தடவி ஒரு மணி நேரம் வைத்து, ஊறிய நீரைத் துடைத்துவிட்டு, மாவில் புரட்டி உதறுங்கள். உதறாமல் போட்டால் எண்ணெயின் அடியில் மாவு கருகிவிடும்.

முதல் முறை மிதமான சூட்டில், சுமார் 160 டிகிரியில், ஏழெட்டு நிமிடம் பொரித்து வெளியே எடுத்துக் கம்பி வலைமேல் பரப்புங்கள். காகிதத்தின்மேல் கொட்டாதீர்கள், அடிப்பக்கம் வியர்த்துவிடும். ஆறுகிற பத்து நிமிடத்தில் இறைச்சியின் உள்ளே இருக்கும் நீர் மெல்ல மேலோட்டுக்கு வந்து சேரும். நம் வீட்டுக் கோழியை நமுக்கச் செய்வது கடல் காற்று மட்டும் அன்று, உள்ளிருந்து வரும் இந்த நீரும்தான். இப்போது எண்ணெயை 180 டிகிரிக்குமேல் சூடாக்கி, மூன்று நிமிடம் மறுபடி பொரித்தால், மேலோட்டுக்கு வந்த நீர் ஆவியாகிப் போய்விடும். வெப்பமானி இல்லாதவர்கள் மரக்கரண்டியின் காம்பை எண்ணெயில் நிறுத்திப் பார்க்கலாம். சிறு குமிழ்கள் சோம்பலாக எழுந்தால் முதல் பொரிப்புக்கான சூடு. காம்பைச் சுற்றிப் படபடவென்று பொங்கினால் இரண்டாவதற்கான சூடு. அந்தச் சமயத்தில் துண்டுகளின் சத்தத்தையும் கேளுங்கள். ஈரமுள்ள வரை எண்ணெய் இரைந்துகொண்டிருக்கும்; ஈரம் போகப் போக இரைச்சல் மெலிந்து, வலைமேல் தட்டினால் ஓடுபோல் ஒலிக்கும்.

பூச்சுக்குக் கொரியர்கள் கோச்சுஜாங் என்ற விழுதைப் பயன்படுத்துகிறார்கள். மிளகாய்த்தூளையும் பசையரிசியையும் புளிக்கவைத்த சோயாவையும் உப்போடு சேர்த்து மண்சாடியில் மாதக்கணக்கில் வைத்தெடுப்பது அது. அது கிடைக்கவில்லையே என்று நீங்கள் வருந்த வேண்டாம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாயில் எட்டை எடுத்து, விதை நீக்கி, வெந்நீரில் ஊறவைத்து, பத்துப் பல் பூண்டோடு மையாக அரையுங்கள். நூறு கிராம் கருப்பட்டியைக் கால் கப் நீரில் கரைத்து, மண் போகத் துணியில் வடிகட்டி, அரைத்த விழுதோடும் இரண்டு கரண்டி சோயா சாஸோடும் கொதிக்கவிடுங்கள். விரலில் தொட்டால் பிசுபிசுக்கும் பதத்தில், கம்பிப் பதம் வருவதற்கு முன்பே, இறக்கிச் சிறிது புளித்தண்ணீர் விடுங்கள். நீர் வற்றிய பாகு என்பதால் இது மேலோட்டுக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும். சாப்பிட உட்காரும்போதுதான் கலக்க வேண்டும். இதைக் கொரிய யாங்ன்யோம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கருப்பட்டியின் மணம் மிளகாயோடு சேரும்போது வரும் சுவை எனக்குப் பூசானில் கிடைத்ததில்லை. பக்கத்தில் வைக்க, வெள்ளை முள்ளங்கியைச் சதுரமாக நறுக்கி, வினிகரும் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரில் அரை நாள் ஊறவையுங்கள். கொரியாவில் கோழிப் பெட்டியோடு தவறாமல் வருவது அந்த முள்ளங்கிதான்.

அங்கே கிடைக்கும் கோழியை நாங்கள் சாப்பிடலாமா? – கீழக்கரை வாசகர்

ஹலால் என்று எழுதியிராத கடையில் வேண்டாம். இறைச்சியின் வாடை போவதற்காக அங்கே கோழியை அரிசி மதுவில் ஊறவைக்கும் பழக்கமும் உண்டு. சியோலில் 1976-இல் திறக்கப்பட்ட மத்தியப் பள்ளிவாசலைச் சுற்றி, இத்தேவான் பகுதியில், ஹலால் உணவகங்கள் உள்ளன. பூசானிலும் பள்ளிவாசல் இருக்கிறது. கடல் தொழிலாளர்கள் அங்கே போய் விசாரித்தால் சரியான இடத்தைக் காட்டுவார்கள்.

மேற்படிப்புக்காகப் பூசானுக்குப் போகிறேன். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. நாலு பேர் முன்னால் பாடவும் வராது. இந்த மாதிரி இரவுக்கு அழைத்தால் எப்படித் தவிர்ப்பது? – தேவிபட்டினம் வாசகி

தவிர்க்க வேண்டாம், மகளே. குடிக்க மாட்டேன் என்பதை உட்கார்ந்தவுடனேயே சொல்லிவிட்டு, ‘சைதா’ கேளுங்கள். நம் எலுமிச்சை சோடாவைப் போன்ற இனிப்புப் பானம் அது. பெரியவர்களின் குவளை காலியானால் இரண்டு கைகளாலும் பிடித்து ஊற்றுங்கள், அவர்கள் ஊற்றும்போது உங்கள் குவளையையும் இரண்டு கைகளால் ஏந்துங்கள். அந்த மரியாதையைப் பார்த்த பிறகு உங்கள் குவளைக்குள் என்ன இருக்கிறது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

பாடுவதைப் பற்றி எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அந்த முதல் இரவில் பாட்டுப் பட்டியல் முழுவதையும் புரட்டியும் தமிழ்ப் பாட்டு ஒன்றும் அகப்படவில்லை. ஒரு மணி நேரம் டாம்பரின் தட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் எங்கள் மேற்பார்வையாளர், அறுபதை நெருங்கியவர், கருவியை நிறுத்திவிட்டு மைக்கை என் கையில் வைத்தார். எனக்கு வந்தது, சிறுவனாக இருந்தபோது மண்டபத்தில் கரைவலைக் கயிற்றின் வால்பக்கம் நின்று கற்ற அம்பாப் பாட்டுதான். நான் ஒரு வரி சொல்லி ‘ஏலேலோ’ என்று விட, மூன்றாம் வரியில் ஐந்து பேரும் ‘ஐலசா’ என்று சேர்ந்துகொண்டார்கள். பொருள் தெரியாமலே அவர்கள் தோள்கள் கயிறு இழுப்பவர்களைப் போல் அசைந்தன. அவர்களும் துறைமுகத்துக்காரர்கள் அல்லவா! நோரேபாங்கில் மேடை இல்லை, கேட்க வந்தவர்கள் என்று தனியாக யாரும் இல்லை, எல்லாரும் பாட வந்தவர்களே. கருவி நூற்றுக்கு மதிப்பெண் போடும். அபசுரமாகக் கத்தியவனுக்கும் அது தொண்ணூறு போட்டதை நான் பார்த்திருக்கிறேன். இன்னும் கூச்சம் போகவில்லையென்றால், காசு போட்டுத் தனியாகப் பாடும் சின்னஞ்சிறு அறைகள் பல்கலைக்கழகத் தெருக்களில் உண்டு. மாணவிகள் வகுப்பு முடிந்து தனியாகவே போய் நாலு பாட்டுப் பாடிவிட்டு வருகிறார்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கின்றன, நாங்களும் சும்மா இருக்கிறோம். நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து இங்கேயே அப்படி ஓர் இரவை நடத்தலாமா? – தங்கச்சிமடம் வாசகர்

தாராளமாக நடத்தலாம், தம்பி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் இருக்கின்றன. ஒரே ஒரு வேண்டுகோள்: மொட்டை மாடியில் பெட்டி கட்டி ஊருக்கே கேட்கும்படி செய்யாதீர்கள். இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி வைக்கச் சட்டம் இடம் தரவில்லை என்பது ஒரு காரணம். தெருவுக்குக் கேட்கிறது என்று தெரிந்த நிமிடமே நன்றாகப் பாடுகிற இரண்டு பேரைத் தவிர மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்பது எனக்கு அதைவிடப் பெரிய காரணம். வலை வைக்கும் அறையைக் காலி செய்து, கதவைச் சாத்தி, பாய் விரியுங்கள். வீட்டிலுள்ள டிவியில் போனை இணைத்தால் பாடகர் குரல் நீக்கிய தமிழ்ப் பாட்டுகள் வரிகளோடு ஏராளமாகக் கிடைக்கின்றன. ஒரு சிறிய ஸ்பீக்கரும் இரண்டு மைக்கும் போதும். ஒன்றே ஒன்று வைத்தால் அது ஒருவர் கையிலேயே தங்கிவிடும்.

வீட்டில் கரைவலைக் காலத்துப் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். கரைவலை குறைந்துவரும் நம் கரையில் அம்பாப் பாட்டு முழுதாகத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். கச்சேரி மேடையில் ஏற்றினால் அவர்கள் பாட மாட்டார்கள், பாயில் உட்கார்ந்து கோழி தின்றுகொண்டிருக்கும் பத்துப் பேருக்கு நடுவில் பாடுவார்கள்.

பத்துப் பேருக்கு மூன்று கிலோ கோழி சரியாக இருக்கும். முதல் பொரிப்பை மாலையிலேயே முடித்து, ஆறியதும் பெட்டியில் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அடுப்படியில் நிற்பவரும் பாட வேண்டும் என்பதால், இரண்டாம் பொரிப்பைக் கிலோ கிலோவாகப் பிரித்து, ஆளுக்கொரு முறை எழுந்துபோய்ப் பொரித்துக்கொண்டு வாருங்கள்.