ஹால் சென்சார் சிப் என்றால் என்ன? எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது?

அருகே காந்தப்புலம் இருக்கிறதா, எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை மின் சைகையாக மாற்றித் தரும் சிறு சிப்தான் ஹால் சென்சார். பல லேப்டாப்களில் மூடியைச் சாத்தியதும் திரை அணைவது, மூடியில் உள்ள சிறு காந்தத்தை இது உணர்வதால்தான்.

மின்னோட்டம் பாயும் மெல்லிய தகட்டின் மீது காந்தப்புலம் செங்குத்தாக விழுந்தால், எலக்ட்ரான்கள் ஓர் ஓரமாக ஒதுங்குகின்றன, ஆற்றில் போகும் படகுகளைப் பக்கக்காற்று ஒரு கரைக்குத் தள்ளுவதுபோல. அதனால் இரு ஓரங்களுக்கும் இடையே சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. 1879-இல் எட்வின் ஹால் இதைக் கண்டறிந்தார். அந்த அழுத்தம் மிகச் சிறியது என்பதால் பெருக்கியும் சிப்புக்குள்ளேயே இருக்கும்.

வாங்கும் முன் வேலை என்ன என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் பிறகு. மூடி திறந்திருக்கிறதா என்று அறிய 'சுவிட்ச்' வகை போதும். காந்தம் விலகியதும் அணைந்துவிடும். 'லாட்ச்' வகையோ எதிர்த்துருவம் வரும்வரை நிலையை விடாது, ஆகவே காந்தத்தின் இரு துருவங்களும் மாறி மாறி வரும் சுழலும் மோட்டாருக்கு அதுவே பொருத்தம். ஜாய்ஸ்டிக் எவ்வளவு சாய்ந்தது என்று அளக்க, காந்தப்புலத்தின் வலுவுக்கேற்பக் கூடிக் குறையும் சைகை தரும் 'லீனியர்' வகை. பேட்டரியில் ஓடும் கருவி என்றால், இடையிடையே மட்டும் விழித்துப் பார்க்கும் குறைமின் சிப்பைத் தேடுங்கள்.

உணர்திறன் கூடக் கூடச் சிப் சிறந்தது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் தேவைக்கு மீறிய உணர்திறன் உள்ள சிப், பக்கத்து ஸ்பீக்கரின் காந்தத்துக்கும் இயங்கிவிடும்.